லோயர் சர்க்யூட்

ஒன்பதே காலுக்குச் சந்தை திறந்தது.
ஒன்பது பதினாறுக்கு
என் பங்கு கதவைச் சாத்திக்கொண்டது.
விற்போர் நாலு லட்சத்துச் சொச்சம்.
வாங்குவோர் பூஜ்யம்.
இன்றோடு மூன்றாவது நாள்,
நாளுக்கு ஐந்து சதவீதம்,
பதறாமல் மாடிப்படி இறங்குகிற ஆள் மாதிரி.

சர்க்யூட் எனக்குப் புதிதில்லை.
சேலம் பழைய பேருந்து நிலையத்துப் பின்சந்தில்
எட்டுக்கு ஆறடிக் கடை.
செத்த போன்களைத் திறந்து பார்ப்பது தொழில்.
அறுந்த இடத்தில் ஈயம் வைப்பேன்.
இதில் எந்த இடம் அறுந்தது என்றே
தெரியவில்லை.

கம்பெனி சின்னது.
ஓசூர்ப் பக்கம் ஏதோ ஷெட்.
ஐந்து ரோடு புரோக்கர் மணவாளன்
பெயரை இரண்டு முறை கேட்டுத்தான் எழுதினார்.
"யார் சொல்லி வாங்குறீங்க?"
யாரும் சொல்லவில்லை.
ஆயிரம் போர்டு கழற்றியிருக்கிறேன்.
சூட்டுக் காற்றைக் காட்டினால்
பெரிய பெயர்களுக்கெல்லாம் புத்தி பேதலிக்கும்.
மூலையில் மீன் முத்திரை குத்திய
இந்தக் கறுப்புச் சில்லு மட்டும்
கேட்டதைக் கேட்டபடி திருப்பிச் சொல்லும்.
அந்த ஒரு சாட்சியத்தில்
நானூற்று இருபது பங்கு, நூற்றுப் பதினெட்டு ரூபாய்க்கு.
நூற்று நாற்பது ஆனபோது
தமயந்தி விற்கச் சொன்னாள்.
இப்போது நூற்று இருபது.
நாளை இன்னொரு படி இறங்கினால்
என் காலுக்குக் கீழே.

உலகம் முழுக்க மெமரி விலை விழுகிறதாம்.
எங்கோ கிடங்கு நிறைந்து கிடக்கிறதாம்.
ஆத்தூரிலிருந்து மச்சான் கூப்பிட்டான்:
"டிவியில ஆயிரத்து முந்நூறு பாயிண்ட் போச்சுங்கறான்.
என் கிழங்குக்கு மில்லுல இருபத்தாறு பாயிண்ட்தான் போட்டான்.
உன் பாயிண்டும் என் பாயிண்டும் ஒண்ணா?"
இல்லை, உன்னுடையதில் மாவு இருக்கிறது என்றேன்.

பதினோரு மணிக்கு இருதயராஜ் வந்தார்.
ஏற்காட்டில் ஒரு எஸ்டேட்டின் எடைக்காரர்.
இருபது கொண்டை ஊசி வளைவும்
இன்னும் முகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.
காப்பிப் பழம் உரிக்கும் தொட்டியில் போன் விழுந்துவிட்டது.
பையைத் திறந்ததும் புளித்த வாசனை.
"பதினோரு நாள் எடைக் கணக்கு இதுலதாங்க.
நாப்பத்திரண்டு பேர் கூலி."
நோட்டில் எழுதவில்லையா?
"போன்லதான் இருக்கேன்னு..."
வாக்கியத்தை முடிக்காமல்
என் காற்றாடியைப் பார்த்தார்.

போர்டில் பச்சைக் களிம்பு.
துடைத்தேன்.
மீன்.

சில்லைக் கழற்றி ரீடரில் வைத்தேன்.
ஒரு திரையில் விலை அசையாமல் கிடக்க,
மறு திரையில் பச்சைக் கோடு ஊர்ந்தது.
எழுபதில் நின்றது.
இருதயராஜ் ஸ்டூலிலிருந்து எழுந்தார்.
நகர்ந்தது.
செல்லக்கிளி, முப்பத்தெட்டு கிலோ.
ராக்காயி, நாற்பத்தொன்றரை.
அந்த அரைக் கிலோகூட
அப்படியே இருந்தது.

அவர் கணக்கைத் தாளில் நகல் எடுத்துக்கொண்டார்,
இரண்டு பிரதி.
"இந்தச் சில்லு பண்றவன் நல்ல கம்பெனியா சார்?"
சில்லு நல்லது என்றேன்.
கம்பெனிக்கு எவ்வளவு கடன்,
முதலாளி தன் பங்கை எந்த வங்கியில் அடகு வைத்திருக்கிறார்,
அதை எந்த ரீடரில் வைத்துப் படிப்பது?
எழுநூறு கேட்டேன்.
அறுநூறு கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

மூன்று இருபதுக்கு
இருநூறு பங்கை விற்கப் போட்டேன்.
நாலு லட்சம் பேருக்குப் பின்னால்,
ரேஷன் கடை வரிசையில்
சாக்கை வைத்து இடம்பிடித்த மாதிரி.
மூன்றரைக்குச் சந்தை மூடியது.
ஆர்டர் தானாக ரத்தானது.
நாளைக்கு நான் நின்றது யாருக்கும் ஞாபகம் இருக்காது;
கரண்ட் போனால் எல்லாவற்றையும் விட்டுவிடும்
இன்னொரு ஜாதி மெமரி உண்டு,
சந்தை அந்த ஜாதி.

"வித்தாச்சா?" என்றாள் தமயந்தி.
வரிசையில் நின்றேன் என்றேன்.
எத்தனை பங்குக்கு என்று அவள் கேட்கவில்லை.
மேஜையை இரண்டு தரம் துடைத்தும்
காப்பிப் பழ வாசனை போகவில்லை.