அரைப் பாயிண்ட்

நான்காம் சுற்று வரை போய்த்
திரும்பி வந்த மின்னஞ்சலை
ஐந்து ரோடு சிக்னலில் நின்று படித்தேன்.
தங்கள் ஆர்வத்துக்கு நன்றி என்று தொடங்கும் கடிதத்தை
இரண்டாவது வரிக்கு மேல் படிக்க வேண்டியதில்லை.
பின்னால் டவுன் பஸ் அலறியது.
பச்சை விழுந்து ரொம்ப நேரமாகியிருந்தது.

ஒன்பது வருஷம்.
சீட் கவர் கடைக்கு மேல் மாடி ஆபீஸ்.
ஏசி இருக்கிறது, ரிமோட் இல்லை.
நான் கற்ற மொழி மூன்று தடவை சட்டை மாற்றிவிட்டது,
ஒவ்வொரு தடவையும் பொத்தானிலிருந்து கற்றேன்.
காலேஜில் என் லேப் நோட்டைப் பார்த்து எழுதிய ரெஹானா
பெங்களூரில் ஏதோ ஒன்றுக்குத் தலைவி.
பொறாமை என்றால் சின்னதாகிவிடும்.
பல் வலி மாதிரி அது,
ராத்திரியில்தான் வரும்.

காலையில் எழுப்பிவிட
செல்போன் முகப்பில் ஒரு வாசகம் வைத்திருந்தேன்.
பதினொரு நாள் வேலை செய்தது.

அன்றைக்கு வாழப்பாடிப் பக்கம்
சேகோ ஃபேக்டரியில் சாஃப்ட்வேர் நின்றுவிட்டது என்று போன்.
நின்றது சாஃப்ட்வேர் இல்லை.
பிரிண்டரில் பேப்பர் ரோலைத் தலைகீழாக மாட்டியிருந்தார்கள்.
மாட்டிவிட்டுக் கிளம்பினேன்.
புளித்த ஈர மாவு வாடைக்கு நடுவே
டோக்கனில் அர்த்தநாரி என்று பெயர் போட்டிருந்தவர்
சீட்டை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.
"மிஷின்ல இருபத்தெட்டரை காட்டுச்சுங்க.
சீட்டுல இருபத்தெட்டுதான் இருக்குது.
அரைப் பாயிண்ட் எங்க போச்சுங்க?"
கிழங்குக்குள் எவ்வளவு மாவு என்பதுதான் பாயிண்ட்.
காசு அதன்மேல்தான் நிற்கிறது.

ஜவ்வரிசி மூட்டை மேல் லேப்டாப்பை வைத்துத் தேடினேன்.
ஒரே ஒரு வரி.
தசமம் இருக்க வேண்டிய இடத்தில் முழு எண்.
புள்ளிக்குப் பின்னால் வருவதையெல்லாம்
சத்தமில்லாமல் தின்றுகொண்டிருந்தது.
எழுதியது யார் என்று கேட்டேன்.
திரை என் பெயரைச் சொன்னது.
இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை,
மாலை ஆறு ஐம்பது.
அந்த வெள்ளி ஞாபகமே இல்லை.
கடைசி ஏற்காடு பஸ்ஸுக்கு ஓடியிருப்பேன்.

திருத்த நாலு நிமிஷம்.
புதுச் சீட்டில் இருபத்தெட்டரை.
நன்றி சொல்வார் என்று
கொஞ்சம் நிமிர்ந்துகூட உட்கார்ந்தேன்.
அவர் சீட்டை மடித்தார்,
சட்டைப் பையில் வைத்தார்,
"போன லோடுக்குங்க?" என்றார்.

ஜெப்ரின் சார் போனில் சொன்னார்:
கேட்டவருக்குச் சரி பண்ணியாச்சுல்ல,
பழசைக் கிளறாதேம்மா.

இப்போது மணி ஒன்றே கால்.
பழைய லோடுகளை ஒவ்வொன்றாய் எடுத்து
விழுங்கப்பட்ட அரைகளையும் கால்களையும் கூட்டுகிற நிரல் ஒன்றை
யாரும் கேட்காமல் எழுதிக்கொண்டிருக்கிறேன்.
இரண்டு தடவை தப்பாக ஓடியது.
மூன்றாவது தடவை
எனக்கே சந்தேகம் வரும் அளவுக்குச் சரியாக.
செங்கோட்டுவேல். பாப்பாத்தி. குப்பண்ணன்.
அர்த்தநாரி. சின்னதங்கம்.
மறுபடி அர்த்தநாரி.
திரையில் இறங்கிக்கொண்டே இருக்கிறார்கள்.
காலையில் இதை யாரிடம் காட்டுவது,
காட்டினால் இந்த வேலையும் மிஞ்சுமா, தெரியாது.
ஆனால் பசிக்கிறது.
எத்தனையோ மாதத்துக்கு அப்புறம்
இந்த நேரத்தில் நன்றாகப் பசிக்கிறது.

ஜன்னலில் மலை, இருட்டைவிட ஒரு பங்கு கூடுதல் இருட்டாக.
கொண்டை ஊசி வளைவில்
ஏதோ ஒரு வண்டியின் வெளிச்சம் அணைந்து, வந்து, அணைந்தது.
அதைப் பார்த்து ஏதாவது பெரிதாக நினைக்கலாம்.
நினைக்கவில்லை.
தோசை மாவு இருக்கிறதா என்று பார்க்க எழுந்தவள்
மறுபடி உட்கார்ந்தேன்.
பிப்ரவரி இன்னும் ஓடவில்லை.