நூ.

சங்கத்து விதிப்புத்தகம், ஏழாம் பக்கம்:
சேர்ந்து ஆறு மாதம் நிறையாதவர்
நூதன அங்கத்தினர் எனப்படுவர்;
அன்னார் மரித்தால் பெட்டிக்காசு இல்லை.
யார் எழுதினாரோ, வாயில் நுழையாத தமிழ்.
பேரேட்டிலும் அதற்கு இடம் போதாது.
பெயருக்குப் பக்கத்தில்
நூ. என்று மட்டும் போடுவேன்.

சாட்ஸ்வொர்த் பிள்ளைகளுக்கு அது இங்கிலீஷ்.
"எல்லப்பன் அங்கிள்,
நியூவை ஏன் தமிழில் எழுதுறீங்க?"
நான் திருத்தவில்லை.
அர்த்தம் எங்கே கெட்டது?

பாடையில் தோள் மாற்றத் தெரியாதவன் நூ.
வேனில் கடைசி சீட்டு நூவுக்கு.
கிளேர் எஸ்டேட் சுடலையில்
புகை அடிக்கிற பக்கமே போய் நிற்பவன்
சந்தேகமில்லை, நூ.
இத்தனைக்கும்
கேட்டோ மேனரிலிருந்து லாரியில் ஏற்றி
இந்த மேட்டில் கொட்டிய நாளில்
யார்தான் பழசு?

பொன்னுரங்கம் ஜனவரி பத்தாம் தேதி சேர்ந்தான்.
ஜேக்கப்ஸில் சப்பாத்து ஃபாக்டரி,
அடித்தோலுக்குப் பசை பூசும் வேலை.
சந்தா நீட்டும் விரலில் ஐம்பது சென்ட் ஒட்டிக்கொள்ளும்.
பெயர் கூப்பிட்டால்
"நூ ஆஜர்" என்பான், கூட்டமே சிரிக்கும்.

ஜூன் இருபத்தொன்பது இரவு, நெஞ்சு.
பதினொரு நாள் குறைகிறது.

சவுந்தலை அழவில்லை, கேட்கவில்லை.
சந்தா அட்டையை மேசையில் வைத்தாள்.
ஆறு கட்டம். ஆறிலும் முத்திரை.
கட்டம் வேறு மாதம் வேறு என்றார் தலைவர்,
தரையைப் பார்த்து.
"விதி" என்றார் முன்சாமி.
எந்த விதியைச் சொன்னாரோ.

ஏடு என் முன்னால் விரிந்து கிடந்தது.
பொன்னுரங்கம், நூ.
பேனா என் கையில்தான் இருந்தது.
அந்தப் புள்ளியின் மேலேயே
று எழுதினேன்.

நூறு.
பெட்டிக்காசு எவ்வளவோ அவ்வளவு.
ராண்டில்.

மை காய ஊதினேன்.
தலைவர் குனிந்து பார்த்தார்,
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
நெடுநேரம் துடைத்தார்.
பிறகு கையெழுத்துப் போட்டார்.

இந்த வருஷம் மூன்று பேர் புதிதாய்ச் சேர்ந்திருக்கிறார்கள்.
புள்ளி வைப்பதை விட்டுவிட்டேன்.
நூ போட்டு
ஓர் எழுத்துக்கு இடம் விட்டுத்தான்
அடுத்த பத்திக்குப் போகிறேன்.
முன்சாமி கவனித்துவிட்டார்.
"தாள் வீணாகுது" என்றார்.