மிதம்

மின்கட்டண ரசீதின் முதுகில்
நாளைய பாதையை வரைகிறேன்.
ஐயர் பங்களாவில் ஒரு புள்ளி.
அங்கிருந்து நத்தம் சாலை,
பறக்கும் பாலத்துக்கு மேலே அல்ல, அடியில்.
மேலே லாரிகள் ஓரத்துக்குத் தள்ளும்;
கீழே தூண்களை எண்ணிக்கொண்டே போகலாம்,
நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்து
எண்ணிக்கை விட்டுப்போகும் வரை.

சத்திரப்பட்டி தாண்டி வலப்பக்கம் ஒடித்தால்
பெரியாற்றுக் கால்வாய்க் கரை. செம்மண்.
கரையோடு கள்ளந்திரி,
அழகர்கோயில் சாலையைப் பிடித்து
வெயில் ஏறுமுன் வீடு.

முதலில் கூட்டியபோது முப்பத்தெட்டு கிலோமீட்டர்,
மறுபடி கூட்டியபோது நாற்பத்தொன்று.
பெரியதையே வைத்துக்கொண்டேன்.
குறைத்துச் சொல்லிக் கூட்டிப்போனால்
துளசிராம் அந்த மூன்று கிலோமீட்டரையும்
தீபாவளி வரை சொல்லிக்காட்டுவான்.

வேகம்: மிதம்
என்று எழுதிய பிறகுதான் யோசனை.

துளசிராமுக்கு மிதம் என்றால்
இருபத்தோரு கியரில் பதினெட்டாவது.
ஒச்சப்பனுக்கு
இரண்டு பக்கமும் தண்ணீர்க் கேன் தொங்காத
எந்த ஓட்டமும் மிதம்.
ஜெசிந்தாவுக்குத்
தையல் பிரித்துப் பதினோரு வாரம்.
'மிதமா எது வேணா செய்யலாம்' என்றாராம் டாக்டர்.
அவர் சொல்லைத்தான் கேட்காமல் எடுத்திருக்கிறேன்.

ஆகவே
கடவூரில் டீ.
கரையேறியதும் செயின் பார்க்க ஒரு நிறுத்தம்.
புளியமரத்தடியில் இன்னொன்று,
எதற்கென்று எழுதவில்லை.
கள்ளந்திரியில் பருத்திப்பால், கிடைத்தால்.
எந்த நிறுத்தத்திலும்
அவள் பெயர் இல்லை.

ட்யூப் இரண்டு. ஒட்டு. கத்தரி.
துளசிராமின் பம்பு ஊசிவால்வுக்கு மட்டும்;
ஒச்சப்பன் வண்டிக்குச் சேராது,
பழைய பம்பை நான் கட்டிக்கொள்ள வேண்டும்.
சூளைக்கருகே மூன்று நாய்.
குரைத்தால் மிதிக்காதே, இறங்கி நட.

படம் எடுத்து அனுப்பினேன்.
பத்தரைக்கு ஜெசிந்தா கூப்பிட்டாள்.

'எத்தனை டீ, எத்தனை மரம்!
சைக்கிள்ல போறமா, ஊர்வலம் போறமா?'
சிரித்தாள். பிறகு,
'மடைக்குப் பக்கத்துல கோடு போட்டுருக்கியே,
பாலமா அது? கைப்பிடி உண்டா?'

போன ஞாயிறு
தனியாகப் பாதை பார்க்கப் போனவன்
அங்கேதான் நின்றேன்.
இரண்டு சிமெண்ட் பலகை,
இடையில் சக்கரம் இறங்கும் அளவு சந்து,
அடியில் புதிதாய்த் திறந்துவிட்ட தண்ணீர்
சத்தமே இல்லாமல்,
மிதம் என்ற சொல்லைக் கேள்விப்படாத தண்ணீர்.
புல்லுக்கட்டோடு ஒரு பெண் கடந்தாள்.
அவள் பின்னே ஒரு வெள்ளாடு கடந்தது.
வண்டியைத் திருப்பிவிட்டேன்.
பாலத்துக்கு அங்கிட்டு நான் வரைந்ததெல்லாம்
கைபேசி வானத்திலிருந்து காட்டியது.

'கைப்பிடி இல்ல' என்றேன்.
'நான் தாண்டலை.'

அந்தப் பக்கம் மின்விசிறிச் சத்தம்.

'சரி. உன் வண்டிய ஒச்சப்பன் தூக்கிருவான்.
நீ எனக்குப் பின்னாடி நட.
தண்ணியப் பார்க்காத,
என் பின்சக்கரத்துச் சிவப்பு வில்லையைப் பாரு.'

'நீ வண்டிய தள்ளலாமா?
தையலு...'

'மிதமாத் தள்றேன்'
என்று வைத்துவிட்டாள்.

ரசீதை மறுபடி எடுத்து
பாலம் என்று எழுதினேன்.
எத்தனை நிமிடம் என்று போடவில்லை.
முன்டயரைக் கட்டைவிரலால் அழுத்தினால்
அமுங்குகிறது.
நாலே முக்காலுக்குக் காற்றடிக்க வேண்டும்,
கீழ்வீட்டுக் குழந்தை விழித்துக்கொள்ளாதபடி.