எட்டு வெள்ளி

சகாயமேரியைப் பற்றிக் கேட்க
என்னிடம் ஏன் வருகிறார்கள் என்று தெரியும்.
எட்டு முறை அவள் உச்சிப் படியில் நின்றபோது
வலக்கைப் பக்கம், ஒரு படி கீழே நின்றவள் நான்.
அந்த உயரத்திலிருந்து தெரிவது ஒரு காது.
போட்டிக்காகக் கம்மலைக் கழற்றிவிட்டுத்
தூர்ந்துபோகாமல் செருகிய
துடைப்பக்குச்சித் துண்டு.
கைதட்டல் ஓயும்வரை அதையே பார்ப்பேன்.

பெரியமேட்டில் தோல் மண்டிகளைத் தாண்டினால்
தகரக்கூரைக் கூடம்.
காசிமேட்டிலிருந்து பாதி தூரம்
அப்பாவின் ஐஸ் வண்டியில் வருவாள்,
மீதி ஓட்டம்.
முதல் நாள் அவள் சட்டைத் தோளில்
ஒரு சங்கரா செதில் மினுங்கியது.
நான் மூக்கைப் பிடித்துக்கொண்டேன்.
எனக்கு ஒன்பது வயது,
ஐ.சி.எஃப். குவார்ட்டர்ஸ் பவுடர் வாசனை.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
தலைகீழாகி, கைகளால் நடந்து
கூடத்தின் அந்தக் கோடிக்குப் போய்
திரும்பியும் வந்தாள்.
அன்றைக்கே நான் இரண்டாவது.

பீமின் அகலம் பத்து சென்டிமீட்டர்.
விழுந்தால் ஒரு புள்ளி போகும்.
இறங்கும்போது ஓரடி நகர்ந்தால் பத்தில் ஒன்று.
கூட்டல் எல்லாம் காகிதத்தில் முன்பே முடிந்துவிடும்,
ஏறிய பிறகு நடப்பது கழித்தல் மட்டும்.
நடுவர்களின் பென்சில் சத்தம்
எனக்குக் கேட்கும்.
அவளுக்குக் கேட்காது.
வித்தியாசம் அவ்வளவுதான் என்று
இருபது வயது வரை நம்பினேன்.

புனேயில் ஜூனியர் பட்டம். பதினாலு வயது.
அகர்தலாவில், அந்த ஊர்ப் பெண்கள்
பால்குடி மறக்குமுன் பல்டி அடிப்பவர்கள்,
அவர்கள் கண் முன்னால் நாலு தங்கம்.
தாஷ்கண்டில் வால்ட் இறுதிச் சுற்று, ஏழாமிடம்.
மறுநாள் பேப்பரில்
ரேஷன் பாமாயில் செய்திக்குக் கீழே
இரண்டே வரி,
அதிலும் சகாயராணி என்று போட்டிருந்தார்கள்.
வெட்டி வைத்திருக்கிறாள், பேனாவால் திருத்தி.

பிறகு முழங்கால்.
கூடமே திரும்பிப் பார்த்த ஒரு சத்தம்,
காய்ந்த முருங்கைக்காயை ஒடித்தாற்போல.
அந்த வருஷம்தான் எனக்குத் தங்கம்.
முதல் படியில் ஏறிப் பார்த்தேன்.
எதிரே ஒன்றுமில்லை.
ஒரு மின்விசிறி. அதுவும் ஓடவில்லை.

ஜி.எச். எலும்பு வார்டில்
கட்டுக்காலை மூன்று தலையணைமேல் வைத்திருந்தாள்.
மெடலைப் பைக்குள்ளேயே விட்டுவிட்டுப் போனேன்.
"எவ்ளோ போட்டாங்க?"
"பதினொண்ணு எண்பது."
"பீம்ல கை ஆட்டிருப்ப."
ஆட்டியிருந்தேன்.

பதினாலு மாதம் கழித்து வந்தாள்.
நேரு ஸ்டேடியம் உள்ளரங்கு, எங்கள் கடைசிப் போட்டி.
அவளுக்கு இருபத்தாறு,
முழங்காலில் பூரான் மாதிரித் தையல்.
மேல்கம்பியைப் பிடித்துச் சுழன்றவள்
கையை விட்டாள்.
அந்த இடைவெளியில்
நான் வேண்டிக்கொண்டேன்.
என்னவென்று சொல்லமாட்டேன்.
இரண்டு சுற்று, ஒரு முறுக்கு.
பாதங்கள் மெத்தையில் பதிந்தன,
ஓலைச்சுவடியில் எழுத்தாணி இறங்குவதுபோல.
நகரவில்லை.
மொத்தத்தில்
அஞ்சு சதம் எனக்கு மேலே.
ஒரு புள்ளியை இருபதாக நறுக்கி
அதில் ஒரு சில்லு.

ராத்திரி பத்து மணிக்குப் பரோட்டா கடை.
பன்னிரண்டு வருஷப் பட்டினியை
ஒரே இலையில் தீர்ப்பதாகச் சபதம்.
சால்னா பட்டதும் 'ஸ்ஸ்' என்று கையை உதறினாள்.
கம்பி உரித்த உள்ளங்கை,
நாலு விரலடியிலும் சிவந்த வட்டங்கள்.
நான் பிய்த்துப் போட்டேன்.
என் இடக்கையும் உரிந்திருந்தது, வலக்கை பரவாயில்லை.
தட்டில் போடப் போட
கருவாட்டைக் கண்ட பூனைபோலத் தின்றாள்.

கல்லில் மாவு வீசிக்கொண்டிருந்தவர் கேட்டார்,
"அக்கா தங்கச்சியாம்மா?"
வாய் நிறைய பரோட்டா அவளுக்கு.
தன்னைத் தொட்டு ஒரு விரல் காட்டினாள்.
என்னைத் தொட்டு இரண்டு.

அவருக்குப் புரியவில்லை.
நான் இன்னும் ரெண்டு பரோட்டா சொன்னேன்.