செவ்வாய்க்கிழமை மிதவை

நாளெல்லாம் எடை போடுவது என் வேலை.
காட் மீனின் சதைத்துண்டு நானூறு கிராம் இருக்க வேண்டும்.
நானூற்றுப் பன்னிரண்டு என்றால்
அந்தப் பன்னிரண்டைக் கத்தி கேட்கும்.
இரவில் குளியலறைத் தராசில் நான் ஏறுவேன்.
அங்கே கத்தி கிடையாது,
அதனால் மறுநாள் காலைச் சாப்பாட்டிலிருந்து அறுத்துக்கொள்வேன்.
பதினேழு வருடமாக இதே கணக்கு.

சுதுரேய்ரியில் நவம்பரில் மலைக்குப் பின்னால் போகும் சூரியன்
பிப்ரவரியில்தான் திரும்பும்.
யாரும் யாரையும் சரியாகப் பார்க்காத மாதங்கள்.
எனக்கு அவை பிடிக்கும்.

போக்னாதான் இழுத்துக்கொண்டு போனாள்.
பக்கத்து மேசைக்காரி, போலந்துக்காரி,
வெண்ணெய் விரலில் வழிய வழியச் சாப்பிடுகிறவள்.
“செவ்வாய்க்கிழமை மிதக்கலாம், வா ஸ்வாவா.
வேறொன்றும் செய்ய வேண்டாம்.”

குளிக்காமல் குளத்தில் இறங்கக் கூடாது இங்கே.
அதுவும் துணியில்லாமல், எல்லோரும் பார்க்க.
சுவரில் ஒரு மனிதப் படம்:
தலை, அக்குள், தொடையிடுக்கு, பாதம் என்று சிவப்புத் திட்டுகள்.
சோப்பு போட வேண்டிய இடங்களாம்.
என் படத்தை நான் வரைந்தால்
சிவப்பு தீர்ந்துபோகும்.

நடத்துகிறவள் பெயர் ஹ்ரெஃப்னா.
சின்னத் திமிங்கலம் என்று அர்த்தம்;
அவளே சொல்லி அவளே சிரிப்பாள்.
முதல் நாள் ஆளுக்கொரு மீன்பிடிக் கயிறு கொடுத்தாள்.
“உன் இடுப்பு எவ்வளவு? தரையில் வட்டம் போடு.
தொட்டுப் பார்க்காதே. கண்மதிப்புதான்.”
போட்டேன்.
கன்றுக்குட்டி ஒன்று சுருண்டு படுக்கலாம் அதில்.
பிறகு அதே கயிற்றை என் மேல் சுற்றினாள்.
ஒன்றரை முழம் மிச்சம் தொங்கியது.

மற்றவர்கள் கைதட்டினார்கள்.
எனக்குக் கோபம் வந்தது.
அந்த ஒன்றரை முழம் யாருடையது?
யாருக்காக நான் இத்தனை நாள்
பாத்திரத் தொட்டிக்கு முன்னால் நின்றபடியே
பசியைப் பாதியில் நிறுத்தினேன்?

தண்ணீர் வெதுவெதுப்பு, காற்று மைனஸ் நான்கு.
தலைக்கு மிதவைத் தொப்பி, முழங்காலுக்கு ஒரு பட்டை.
“பிடிக்காத இடத்துக்கு ஒரு கதை கொடுங்கள்” என்றாள்.
காது முங்கியதும் ஊர் அணைந்தது.
போக்னா தன் தொடைகளைப் படகுகள் ஆக்கினாளாம்,
ஒன்றில் அவள் புருஷனை ஏற்றி அனுப்பியும் விட்டாளாம்.
எனக்கு மூன்று வாரம் ஒன்றும் வரவில்லை.
ஐஸ் பெட்டி வந்தது. பார்கோடு வந்தது.
கட்டாத மின்கட்டணம் வந்தது.

நான்காவது வாரம் பனி பெய்தது.
மற்றதெல்லாம் முங்கியிருக்க
வயிறு மட்டும் வெளியே நின்றது.
ஒவ்வொரு துகளாக அதன் மேல் இறங்கி
சில்லென்று தொட்டு உருகியது.
தண்ணீரில் விழுந்தவற்றை நான் அறியவேயில்லை.
வானத்துக்கு என்னில் கால்வைக்க
அவ்வளவு தரைதான் இருந்தது.
பாறைத்தீவு என்று நினைத்துக்கொண்டேன்.
இரண்டு பறவை வைத்தேன். பிறகு, போகட்டும் என்று,
ஒரு கலங்கரை விளக்கமும்.
சிரிப்பு வந்து தீவு குலுங்கியது,
பறவைகள் போய்விட்டன.

கரையேறியதும் பசித்தது.
வெறும் பசி. துணைக்கு வேறு யாரும் வரவில்லை.

மலைமுகட்டில் வெயில் எட்டிப்பார்க்கும் நாளில்
ஊரே பான்கேக் சுட்டு,
ஜாமும் க்ரீமும் வைத்து மடித்து,
சூரியக் காபி குடிக்கும்.
வருடா வருடம் காபியோடு நிறுத்திக்கொள்கிறவள் நான்.
இந்த முறை உட்கார்ந்தேன்.
முதலாவதின் ருசி பயத்தில் தெரியவில்லை.
இரண்டாவதில் ருபார்ப் புளித்தது.
மூன்றாவது பாதியில் இருக்கையில்
போதும் என்று தகவல் வந்தது,
தீவிலிருந்து.

வெயில் நாலு நிமிடம் மேசையில் கிடந்தது,
ஒழுகிய ஜாமின் மேல், என் முழங்கையின் மேல்.

அன்றிரவு தராசில் ஏறினாயா என்றால், ஏறினேன்.
அது ஒரு எண்ணைச் சொன்னது.
பல் தேய்த்தேன்.

கயிற்றைப் போக்னா கேட்டு வாங்கிக்கொண்டாள்.
அவள் பால்கனியில் இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை,
அந்த ஒன்றரை முழமும் சேர்த்துத்தான் எட்டியது.
பூப்போட்ட அவளுடைய பெரிய நீச்சலுடை
விறைத்து, அதில் ஆடுகிறது.