முந்திப் போட்ட கையெழுத்து

முதலில் அவன் எதுவும் கேட்கவில்லை.
சின்னப்பாலம் கரையில்
பாசி மூட்டையை இறக்கி நாங்கள் மூச்சு வாங்கிய நேரம்
ஃபிளாஸ்கைத் திறந்து ஆளுக்கொரு டீ ஊற்றினான்.
இஞ்சி தட்டிப் போட்ட டீ.
உப்பில் ஊறி வெளுத்த விரலுக்கு அந்தச் சூடு
ஏதோ கடன்பட்டது போலிருந்தது.

ரெமிஜியுஸ் என்று பெயர். தூத்துக்குடிப் பக்கம்.
"அக்கா, முகக்கண்ணாடி ரப்பர் கிழிஞ்சிருக்கே" என்றவன்
மறுநாளே புது ரப்பரோடு வந்தான்.
பத்து ரூபாய் இருக்கும்.
பத்து ரூபாய்க்கு ஒரு மனுஷி
எத்தனை முறை தலையாட்டுவாள் என்று
அவனுக்கு யாரோ கணக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

அடுத்து ஒரே ஒரு கயிறு.
"சும்மா கட்டிப் பாருங்க.
பிடிக்கலையா, அவுத்து எறிஞ்சிருங்க."
கட்டினேன்.
விரல் நீளத் துண்டு
இருபது நாளில் கைகொள்ளாமல் பருத்ததை
பிள்ளைக்கு எடை கூடியதுபோல
தண்ணிக்குழாயில், ரேஷன் வரிசையில், மினி பஸ்சில்
நானே சொல்லித் திரிந்தேன்.
அவன் யாரிடமும் சொல்லவில்லை.

அப்புறம்தான் தாள் வந்தது.
வடகடலில் மிதவை, பேங்கு லோன், கூட்டுப் பொறுப்பு.
ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர் கட்ட வேண்டும்.
நான் இழுத்தேன்.
கார்த்திகை வாடை
மூங்கிலை முருங்கைக்காய்போல ஒடிக்கும்.
முப்பது வருசம் தண்ணிக்குள் கிடந்தவளுக்கு
இது தெரியாதா?
தெரியும்.
அவன் வாடையைப் பற்றிப் பேசவே இல்லை.
"அமலோற்பவம் அக்கா போட்டுட்டாங்க" என்றான்.

அமலோற்பவம்!
நீரோட்டம் திரும்புமுன்
கன்னத்துத் தோலால் அறிந்து சொல்பவள்.
வியாபாரி தராசில் விரல் வைத்தால்
முதுகைக் காட்டி நின்றே பிடித்துவிடுவாள்.
அவளே போட்டுவிட்டாள் என்றதும்
எனக்குத் தெரிந்த வாடைமேல்
எனக்கே சந்தேகம் வந்தது.
"இன்னும் மூணு இடந்தான் இருக்கு."
போட்டேன்,
முத்துராக்கு என்று எழுத்தெழுத்தாக,
ஒற்றுப் புள்ளியைக்கூட மறக்காமல்.

கார்த்திகை வந்தது. வாடையும்.
எனக்கு நாலு மிதவை, அவளுக்கு ஆறு.
கரையொதுங்கிய மூங்கிலைப் பொறுக்கியபோது
இருவரும் ஒரே கம்புக்குக் குனிந்தோம்.
"எல்லாம் உன்னாலடி" என்றாள்.
"என்னாலயா?"
"நீ போட்டுட்டன்னு சொன்னான்.
முத்துராக்கு யோசிக்காமப் போடுவாளான்னு
நானும் போட்டேன்."

கம்பின் இரு முனையும்
இருவர் கையில் நின்றது.
என்றைக்கு என்று கேட்டேன்.
செவ்வாய்க்கிழமை சாயங்காலம்.
என்னிடம் வந்தது அன்று காலையில்.
காலையில் அவன் சொன்ன பொய்
பொழுது சாய்வதற்குள்
உண்மையாகிவிட்டிருந்தது.
திட்டுவதற்கு வாயெடுத்தவள்
சிரித்துவிட்டாள். நானும்.
முட்டி நனைய உட்கார்ந்து
இருமல் வரும்வரை சிரித்தோம்.
அவனிடமும் மேலே ஒருவன்
"தொண்டியில் அறுபது பேர் சேர்ந்தாச்சு"
என்று சொல்லித்தானே அனுப்பியிருப்பான்.

தை பிறந்ததும் தவணை வந்தது.
குழுவில் இருவர் விலகியிருந்தார்கள்.
அவர்கள் பங்கு எங்கள் தலையில்.
அன்றைக்குப் பார்த்து
அக்காள்மடத்துக்குப் புதிதாய் வாழ்க்கைப்பட்ட நம்புநாயகி
என் வாசலில் வந்து நின்றாள்.
"திரும்ப மிதவை கட்டுறாங்களாமே,
சேரலாமாக்கா?
நீங்க சொன்னா சரியா இருக்கும்."

வாடை, மூங்கில், அந்தச் செவ்வாய்க்கிழமை
எல்லாம் நாக்கு நுனிவரை வந்தன.
அவள் தோளில் தொங்கிய முகக்கண்ணாடியைப் பார்த்தேன்.
ரப்பர் கிழிந்திருந்தது.

"நின்னுக்கிட்டே பேசுறியே, உக்காரு.
மொதல்ல ஒரு டீ குடி" என்று
இஞ்சியைத் தட்டத் தொடங்கினேன்.