தொடக்கம், முடிவு, தரை

ஏழு தடங்களை
ஏழு விதமாய் எழுதி வைத்திருந்தோம்.
ஒன்றில் மைல், ஒன்றில் கிலோமீட்டர்.
தியாகவல்லிக் கடலோரத் தடத்துக்கு மட்டும்
யாரோ ஒரு புண்ணியவான்
"ரெண்டு பீடி தூரம்" என்று போட்டிருந்தார்.
அதை அழிக்க எனக்குக் கை வரவில்லை.
ழில்பேருக்கு வந்தது.

ழில்பேர் புதுச்சேரி. முகம் பார்த்ததில்லை.
கலைக்களஞ்சியத்தின் பின்கட்டில்,
உரையாடல் பக்கத்தில் மட்டும் பழக்கம்.
எல்லாத் தடத்துக்கும் ஒரே பெட்டி என்றார்:
பெயர், தொடக்கம், முடிவு, நீளம்,
தரை, சிரமம். எதற்கும் சான்று.
சரி என்றேன்.
சிப்காட்டில் அழுத்தமானியின் முள்ளை
அரைமணிக்கு ஒருமுறை
அதே கட்டத்தில் எழுதிச் சம்பளம் வாங்குகிறவன் நான்.
கட்டங்கள் எனக்கும் பிடிக்கும்.

இரவுப் பணி முடிந்த ஞாயிறு
கேப்பர் மலை ஏறினேன்.
மலை என்று பேர்தான்.
தரை கொஞ்சம் முதுகைத் தூக்கினாலே
கடலூர்க்காரனுக்கு மலை.
செம்மண். முந்திரி. மழை கீறிய ஓடைகள்.
பையில் போன், புள்ளி புள்ளியாய்
என் பின்னால் கோடு போட்டுக்கொண்டு வந்தது.

கீழிருந்து போகிறவர்களுக்கு அது முந்திரிக்காட்டு வழி.
மேலிருந்து இறங்குகிறவர்களுக்கு ஆஸ்பத்திரி வழி.
போகிற இடம்தான் பாதைக்குப் பெயர்.
பெட்டியிலோ ஒரு பெயருக்குத்தான் இடம்.

தாழ்விலிருந்து உயரத்துக்கு எழுதுவது எங்கள் விதி.
அஞ்சலாட்சிக்கு விடிவது உயரத்தில்.
"எங்க வூட்டு வாசல்ல ஆரம்பிக்கிறத
முடியுதுன்னு எழுதுவியா?"

முதல் நடைக்கு நான்கு புள்ளி இரண்டு.
ஐப்பசி கழிந்து மறுபடி நடந்தால்
நான்கு புள்ளி ஆறு.
ஓடை தின்ற இடத்தைச் சுற்றிப் போக வேண்டியிருந்தது.
சராசரி போடுங்கள் என்றார் ழில்பேர்.
நான்கு புள்ளி நான்கு.
அந்த நீளத்தை இதுவரை ஒருவரும் நடந்ததில்லை.

வழியில் கொஞ்ச தூரம் சிறை மதில் கூட வரும்.
உள்ளேயும் ஒன்று இருக்கும்,
தினம் நடந்து நடந்து புல் செத்த கோடு.
தொடக்கமும் முடிவும் ஒரே இடம்.
பெட்டி அதற்கு அழகாய்ப் பொருந்தும்.
எழுதவில்லை.

சிரமம் என்ற கட்டத்தில் "எளிது" என்று போட்டேன்.
அஞ்சலாட்சி மூட்டையை இறக்காமலே கேட்டாள்.
முப்பது கிலோ கொட்டை, சும்மாட்டில் வேர்வை.
"உன் கையில இன்னா இருந்துச்சு?"
"போன்."
"அப்ப எளிதுதான்."

அன்றிரவு எழுதினேன்:
பெட்டியில் இன்னொரு வரி வேண்டும். சுமை.
பயனர் ஒவ்வொருவரும் ஒன்றைத் தூக்கி வருவார்,
இதற்கு எல்லை எது, அலகு எது என்று
இரண்டு பேர் எதிர்த்தார்கள்.
நியாயமான எதிர்ப்பு.
ழில்பேர் நான்கு நாள் வரவில்லை.

ஐந்தாம் நாள் விடிகாலை இரண்டு பத்துக்கு
வரி சேர்ந்திருந்தது.
முதல் ஆளாய் அவரே நிரப்பியிருந்தார்,
ஊசுட்டேரிக் கரைத் தடத்துக்கு:

சுமை: ஒரு குழந்தை. பாதி வழியில் தூங்கிவிட்டது.

எனக்குத் தொண்டை என்னவோ செய்தது.
ஆனாலும் விதி விதிதான்.
வரியின் கடைசியில் ஒட்டினேன்:
சான்று தேவை.

மறுநாள் ஒரு படம் ஏற்றியிருந்தார்.
நீலச் சட்டை, இடது தோள்,
உள்ளங்கை அகலத்துக்கு எச்சில் ஈரம்.
பக்கத்தில், முறைப்படி,
அளவுகோல் வைத்து எடுத்திருந்தார்.